ஜவ்வரிசித் தட்டில் மூன்று நாள்

"என் பொண்ணு கீழே விழுந்தா கையை ஊன்றுறதே இல்லை டீச்சர்," என்றாள் சௌதாமினி.

"வேற எதை ஊன்றுறா?"

"முகத்தை."

மோவாயில் மூன்று தையல். முன்பல் ஒன்று பாதிதான் இருந்தது. நாலு வயது நிலானி அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள். இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கி வைத்திருந்தாள், ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர் மாதிரி.

"எலும்பு டாக்டர்கிட்ட காட்டினோம். நரம்பு டாக்டர்கிட்ட காட்டினோம். ஒரு குறையும் இல்லையாம்."

"பிள்ளைகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். தரை அழுக்காம்."

ஞானிகளுக்குத் தாடி இருக்கும் என்பார்கள். டீச்சர் பெனடிக்டாவுக்கு முழங்கைவரை கேழ்வரகுக் கூழ் இருந்தது. வயது முப்பத்திமூன்று. சௌதாமினியைவிட எட்டு வயது சின்னவள். அதனால் என்ன, ஊரில் பாதிப் பேர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் வந்தார்கள். மீதிப் பாதிப் பேர் அவளைப் பைத்தியம் என்றார்கள். இரண்டு பாதியும் அவளை ஒன்றும் செய்துவிடவில்லை.

அவளுடைய ஆசிரமம் ஒரு தகரக் கொட்டகை. தரையில் ஆறு பெரிய தட்டுகள். கொத்தனார் கலவை குழைக்கிற தட்டு இருக்குமே, அந்த அகலம். ஒன்றில் ஈர மணல். ஒன்றில் செம்மண் சேறு. ஒன்றில் சோப்பு நுரை. ஒன்றில் கூழ். ஒன்றில் வெறும் தண்ணீர். கடைசித் தட்டில் பீட்ரூட் தண்ணீரில் ஊறிய ஜவ்வரிசி, ரோஸ் கலரில், வழவழவென்று.

தட்டுக்கு நாலு பிள்ளைகள். கத்தல் தெருமுனைவரை கேட்டது.

"பாயசம் வைக்கிற பொருளாச்சே டீச்சர். இப்படிப் போட்டு மிதிக்கிறாங்களே."

"பாயசத்துல போட்டா வயித்துக்கு. இதுல போட்டா கைக்கு. கையும் உங்க பொண்ணோடதுதானே அக்கா?"

"எத்தனை நாள்ல சரியாகும்?"

இந்த மாதிரிக் கதைகளில் சீடன் பன்னிரண்டு வருஷம் விறகு பிளப்பான். சௌதாமினிக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. ஜூனில் ஸ்கூல் திறக்கிறது. ஸ்கூலில் மாடிப்படி இருக்கிறது.

"உட்காருங்க. பார்ப்போம்," என்றாள் பெனடிக்டா.

*

நிலானி ஜவ்வரிசித் தட்டின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கை தூக்கியபடியே இருந்தது.

எதிரே இருந்த பையன் தட்டில் ஓங்கி அடித்தான். ஒரே ஒரு ஜவ்வரிசி பறந்து வந்து அவள் மணிக்கட்டில் ஒட்டியது.

நிலானி அழவில்லை. அந்தக் கையை அப்படியே அம்மா பக்கம் நீட்டினாள்.

சௌதாமினியின் கைப்பையிலிருந்து ஈரத் துடைப்பான் வந்தது. அந்தக் கை பைக்குள் போய் வருகிற வேகத்தைப் பார்க்க வேண்டும். பஸ் கண்டக்டர் தோற்றார்.

துடைத்தாள். விரல் விரலாக.

மறுபடி ஒன்று பறந்தது. மறுபடி நீட்டினாள். மறுபடி துடைத்தாள்.

மத்தியானம்வரை இதேதான்.

"டீச்சர், நீங்க ஒண்ணுமே சொல்லித் தரலையே."

"நாளைக்கு நீங்க மட்டும் வாங்க. பிள்ளை வேண்டாம்."

"பிரச்சினை பிள்ளைக்குத்தானே?"

பெனடிக்டா ஒரு பிள்ளையின் மூக்கிலிருந்த நுரையை ஊதினாள்.

*

மறுநாள் சௌதாமினி தனியாக வந்தாள்.

"ஜவ்வரிசி அடியில கட்டி கட்டியா நிக்குது. கலக்கிவிடுங்க."

"கரண்டி எங்கே?"

"மணிக்கட்டுக்குக் கீழே."

"ஒரு கிளவுஸாவது..."

"கிளவுஸ் போட்டுத்தான் சப்பாத்தி மாவு பிசைவீங்களா வீட்ல?"

"ஆமா."

பெனடிக்டா கையிலிருந்த கூழை வழித்துப் போட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"எப்போலேர்ந்து அக்கா?"

சௌதாமினி தட்டின் ஓரத்தில் குந்தினாள்.

"கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழிச்சுப் பிறந்தவ. ஏழாம் மாசமே பிறந்துட்டா. ஒண்ணே கால் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருந்தாங்க. நான் கிட்ட போறப்பல்லாம் ஒரு நர்ஸ் கத்துவாங்க. கையைக் கழுவிட்டுத் தொடும்மா, கழுவாம தொட்டா பிள்ளை போயிடும்னு. நாற்பத்தாறு நாள் கழுவினேன். தோல் உரிஞ்சு ரத்தம் வந்துச்சு. பிள்ளை போகலை."

"அப்புறம்?"

"வீட்டுக்கு வந்தோம்."

"அந்த நர்ஸ் இனிமே போதும்னு எப்போ சொன்னாங்க?"

சௌதாமினி யோசித்தாள்.

"சொல்லவே இல்லையே."

"பிள்ளையை டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க அக்கா. உங்களை மறந்துட்டாங்க."

சௌதாமினிக்குக் கோபம் வந்தது. வரத்தான் செய்யும். முகம் சிவந்து எழுந்து நின்றாள்.

"அப்போ கழுவவே வேண்டாங்கிறீங்களா? கிருமியே கிடையாதா? பிள்ளை பெத்தவளுக்குத்தான் தெரியும் அது. தட்டு வச்சிருக்கிறவங்களுக்கு என்ன தெரியும்?"

"சாப்பிடுறதுக்கு முன்னாடி கழுவணும். இங்கேயும் சோப்பு இருக்கு, பாருங்க. வாழுறதுக்கு முன்னாடி கழுவணும்னு எந்த நர்ஸும் சொல்லியிருக்க மாட்டாங்க."

சௌதாமினி பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள். செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை.

பெனடிக்டா கூப்பிடவில்லை. கட்டியைத் தானே கலக்கினாள்.

*

மூன்றாம் நாள் அம்மாவும் மகளும் வந்து நின்றார்கள்.

"நீங்க சொன்னதை நான் ஒத்துக்கலை," என்றாள் சௌதாமினி.

"நல்லது."

"ராத்திரி பாத்ரூம்ல வழுக்கிட்டா. மறுபடி மோவாய்தான். தையல் பிரியலை, அவ்வளவுதான். என்ன செய்யணும், சொல்லுங்க."

"புடவையை இழுத்துச் செருகிட்டு ஜவ்வரிசித் தட்டுல உட்காருங்க."

"ஓரத்துலயா?"

"நடுவுல."

சுற்றியிருந்த நாலு பிள்ளைகளும் விளையாட்டை நிறுத்திவிட்டார்கள். ஒரு பெரிய ஆள் தட்டுக்குள் இறங்குவதை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை.

சௌதாமினி உட்கார்ந்தாள். குளிர்ந்து, வழுக்கி, உடம்பெல்லாம் கூசியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு கையையும் உள்ளே விட்டாள்.

"ஐயே, ஆன்ட்டி உட்கார்ந்துட்டாங்க!" என்று ஒரு பையன் கைதட்டினான்.

நிலானியின் முகம் மாறியது. அம்மாவின் பையைத் திறந்தாள். துடைப்பான் பாக்கெட்டை எடுத்தாள். தட்டின் விளிம்புக்கு வந்து நின்றாள்.

"ச்சீ, ச்சீ. என்ன பழக்கம் இது? கை காட்டு."

அது சௌதாமினியின் குரல். அதே ஏற்றம், அதே இறக்கம், கடைசியில் அதே பல்கடிப்பு.

சௌதாமினி கை காட்டினாள். நிலானி துடைத்தாள், விரல் விரலாக, நகக்கண்ணையும் விடாமல். கட்டை விரலைத் திருகியபோது வலித்தது. வலிக்கும் என்று சௌதாமினிக்கு அன்றுதான் தெரிந்தது.

பெனடிக்டா ஒரு குவளை ஜவ்வரிசியை அள்ளி, துடைத்த கைமேல் ஊற்றினாள்.

நிலானி டீச்சரை முறைத்தாள். மறுபடி துடைத்தாள்.

பெனடிக்டா மறுபடி ஊற்றினாள்.

"டீச்சர், போதும்..." என்றாள் சௌதாமினி.

"உங்ககிட்ட யார் கேட்டா?"

ஊற்றினாள். துடைத்தாள். ஊற்றினாள். பிள்ளைகள் ஆளுக்கொரு கை அள்ளி உதவினார்கள். புடவை, கழுத்து, காதோரம் எல்லாம் ரோஸ் கலர். நிலானிக்கு மூச்சு வாங்கியது. நெற்றியில் வியர்த்தது. ஒரு தொழிலாளி மாதிரி வேலை பார்த்தாள் அந்தக் குழந்தை.

பாக்கெட் தீர்ந்தது.

உதறிப் பார்த்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"அம்மா, எழுந்திரு. வீட்டுக்குப் போய்க் கழுவலாம்."

சௌதாமினி எழப் பார்த்தாள். பெனடிக்டா அவள் தோளில் கை வைத்தாள். அழுத்தவில்லை. சும்மா வைத்தாள்.

சௌதாமினி உட்கார்ந்தாள்.

"அம்மா வரலை கண்ணு. அம்மா இங்கேயே இருக்கப் போறேன்."

"அழுக்கும்மா!"

"இருக்கட்டும்."

நிலானி அம்மாவைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். அம்மாவை வெளியே இழுத்துப் போடுவது என்று முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது. ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். அடுத்த காலையும் வைத்தாள்.

வழுக்கியது.

சௌதாமினி அலறினாள். கொட்டகையே திரும்பிப் பார்த்தது. பாய்ந்து பிடிக்கப் போனவளும் வழுக்கி, இருந்த இடத்திலேயே மறுபடி உட்கார்ந்தாள்.

நிலானி குப்புறக் கிடந்தாள்.

மோவாய் மேலே இருந்தது. கை இரண்டும் மணிக்கட்டுவரை ஜவ்வரிசிக்குள் ஊன்றியிருந்தது.

 கைதட்டின பையன் எட்டிப் பார்த்தான்.

நிலானி மெதுவாக ஒரு கையை உருவி எடுத்தாள். விரலிடுக்கில் ரோஸ் முத்துகள். கையை மூடினாள். முத்துகள் பிதுங்கி வழிந்தன. திறந்தாள். மூடினாள்.

சௌதாமினியின் கை தன்னால் நீண்டது. பழக்கம் அவ்வளவு லேசில் போகாது.

"கை காட்டு கண்ணு. அம்மா துடைச்சு விடறேன்."

நிலானி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"மாட்டேன்."

சௌதாமினி திகைத்துப்போய் டீச்சரைப் பார்த்தாள்.

"டீச்சர், இவ பிறந்ததிலேர்ந்து ஒரு தடவைகூட என்னை எதிர்த்துப் பேசினதில்லை!"

"தெரியும். முதல் நாள் அதைத்தான் முதல்ல பார்த்தேன். மோவாயை அப்புறம்தான் பார்த்தேன்."

சௌதாமினி மகள் பக்கம் திரும்பினாள். கன்னத்தில் ஜவ்வரிசியும் கண்ணீரும் சேர்ந்து இறங்கின. துடைக்க ஒன்றும் இல்லை. துடைக்கவும் இல்லை.

"என்ன சொன்னே நீ?"

"மாட்டேன்னு சொன்னேன்!"

"இன்னும் சத்தமா சொல்லுடி," என்றாள் சௌதாமினி.