முதல் பிரசாதம் யாருக்கு?

முன்னொரு காலத்தில் ஆற்றுக்கு மேல்கரையில் ஒரு ராஜா இருந்தார், கீழ்கரையில் ஒரு ராஜா இருந்தார். ஆறு பாவம், நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. கதை கேட்க வந்தவர்கள் நன்றாகச் சம்மணம் போட்டு உட்காருங்கள். பாதியில் எழுந்து போகிறவர்களுக்காக முதலிலிருந்து மறுபடி சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது.

இரண்டு ராஜாக்களுக்கும் நீளமான பட்டப் பெயர்கள் உண்டு. பெயரைச் சொன்னாலே மலை நடுங்கும் என்று அரண்மனைப் புலவர்கள் பாடினார்கள். எந்த மலையும் நடுங்கியதாக எனக்குத் தெரியாது. நாம் மேல்கரையார், கீழ்கரையார் என்றே வைத்துக்கொள்வோம்.

இருவருக்கும் தீராத பகை. என்ன பகை என்றுதானே கேட்கிறீர்கள்? அவர்களுடைய கொள்ளுத் தாத்தாக்கள் காலத்தில் ஒரு கல்யாணம் நடந்தது. பந்தியில் ஒருவர் இலைக்கு முழு அப்பளம் வந்தது, இன்னொருவர் இலைக்கு உடைந்த அப்பளம் வந்தது. அவ்வளவுதான். இலையை விட்டு எழுந்து போனவர் வாளோடு திரும்பி வந்தார். உடைந்த அப்பளம் யாருக்கு வந்தது என்பதே இப்போது யாருக்கும் தெரியாது. எங்களுக்குத்தான் வந்தது என்று இரண்டு அரண்மனையிலும் சாதிப்பார்கள்.

அன்றிலிருந்து விதைக்கிற காலத்தில் போர், அறுக்கிற காலத்தில் போர், நடுவில் போருக்கு ஆயத்தம். ஒரு அப்பளத்துக்காக இரண்டு கரையிலும் எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்தது! நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

ஆற்றின் நடுவில் ஒரு திட்டு. திட்டில் நடுவாற்றம்மன் கோயில். அது இரண்டு கரைக்கும் பொது. அங்கே பூசை செய்வதும், பொங்கல் வைப்பதும், பிரசாதம் கொடுப்பதும் காத்தாயி என்ற பூசாரி அம்மாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் மருதன் மேல்கரையில் பெண் எடுத்து, மாமனார் வீட்டிலேயே தங்கிவிட்டான். இளையவன் சடையன் கீழ்கரையில் பெண் எடுத்து, அதையே செய்தான். மாமியார் சமையலைக் குறை சொல்ல நான் யார்?

வந்தது வினை. மேல்கரைப் படைக்கு மருதன் முரசு அடிக்க வேண்டும், கீழ்கரைப் படைக்குச் சடையன் முரசு அடிக்க வேண்டும் என்று உத்தரவு ஆயிற்று. அந்த நாட்டு வழக்கத்தில் முரசு முழங்காமல் ஒரு சிப்பாயும் காலை எடுத்து வைக்க மாட்டான். அதனால் முரசுக்காரன் கையில் வாளும் இல்லாமல் கேடயமும் இல்லாமல் படைக்கு முன்னால் நிற்பான். எதிரியின் முதல் அம்பு அவனுக்குத்தான்.

அமைதி வேண்டும் என்று எல்லாருமே கோயிலுக்கு வந்து கும்பிட்டார்கள். மேல்கரையார் வந்து, "தாயே, நாட்டில் அமைதி நிலவ வேண்டும். அதற்கு முன்னால் கீழ்கரையான் கோட்டை இடிந்து விழ வேண்டும்" என்று கும்பிட்டார். கீழ்கரையார் வந்து, "தாயே, அமைதி வேண்டும். மேல்கரையான் என் காலில் விழுந்த மறுநாள் வந்தால் போதும்" என்று கும்பிட்டார். காத்தாயி, "தாயே, எம் பயலுவ ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து சாப்பிடறத நான் கண்ணால பாக்கணும்" என்று கும்பிட்டாள். மூன்று வேண்டுதலையும் கேட்டுக்கொண்டு அம்மன் கல்லாக நின்றாள். அவள்தான் என்ன செய்வாள்?

இப்படி இருக்கும்போது இரண்டு படைகளும் மறுபடி கரையில் வந்து இறங்கின. காத்தாயி இரண்டு ராஜாக்களுக்கும் ஆள் அனுப்பினாள். "கனவுல அம்மன் வந்தா. தனித்தனியா கும்பிட்டா காதுல விழலயாம். ரெண்டு பேரும் சேந்து வந்து ஒரே பானைப் பிரசாதத்த வாங்கிட்டா சமாதானம். வாங்கலன்னா உங்க இஷ்டம்."

அம்மன் நிஜமாகவே கனவில் வந்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள். காத்தாயி சொன்னாள், அம்மன் மறுக்கவில்லை.

ராஜாக்களுக்கும் உள்ளுக்குள் அலுப்புத்தான். சரி என்றார்கள். பிரசாதம் வாங்கினால் சமாதானம், வாங்காவிட்டால் அன்றைக்கே போர் என்று பேச்சு. திட்டின் இந்தப் பக்கம் ஒரு படை, அந்தப் பக்கம் ஒரு படை. முன்னால் மருதனும் சடையனும் முரசோடு நின்றார்கள். கோயில் வாசலில் காத்தாயி பெரிய பானையில் பொங்கல் வைத்தாள்.

முதலில் சாமி கும்பிட வேண்டும் அல்லவா? இருவரும் ஒரே நேரத்தில் கருவறை வாசலுக்குப் போனார்கள். வாசலோ ஒரு ஆள் நுழையும் அகலம், ராஜாக்களோ இருவருமே நல்ல சாப்பாட்டுக்காரர்கள். நடுவில் சிக்கிக்கொண்டார்கள். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. இரண்டு மந்திரிகளும் இடுப்பைப் பிடித்து இழுத்ததில் ஒரு கிரீடம் உருண்டு பலிபீடத்தில் போய் முட்டியது.

"என் கிரீடத்தையா உருட்டினான்? அடி முரசை!" என்று கத்தினார் மேல்கரையார். "அடி முரசை!" என்று கத்தினார் கீழ்கரையார்.

மருதன் கோலை ஓங்கினான். சடையன் கோலை ஓங்கினான். காத்தாயி அகப்பையோடு நிமிர்ந்து மூத்தவனை ஒரு பார்வை பார்த்தாள், இளையவனை ஒரு பார்வை பார்த்தாள். சின்ன வயதில் வெல்லப் பானையில் கை விட்டபோது பார்த்தாளே, அதே பார்வை.

"மகாராஜா, முரசு வார் தளர்ந்துபோச்சு" என்றான் மருதன். "இங்கயும் அதே கதைதான் மகாராஜா" என்றான் சடையன்.

வாரை இறுக்குவதற்குள் மந்திரிகள் ஒரு யோசனை சொன்னார்கள். ராஜாக்கள் வெளியிலேயே நின்று கும்பிடட்டும், காத்தாயி இரண்டு கையிலும் பிரசாதம் எடுத்து ஒரே நேரத்தில் நீட்டட்டும். அவளும் நீட்டினாள். வலது கைக்கு நேராக நின்ற கீழ்கரையாருக்குப் பல்லெல்லாம் தெரிந்தது. மேல்கரையாருக்கு முகம் சிவந்தது.

"எனக்கு இடது கையாலா? அடி முரசை!" "என்னைப் பார்த்தா கத்துகிறான்? அடி முரசை!"

மறுபடி கோல்கள் ஓங்கின. மறுபடி அந்தப் பார்வை.

"மகாராஜா, தோல் நமத்துப்போச்சு. ஆத்துக் காத்து. நெருப்புல காட்டணும்" என்றான் மருதன். சடையன் தன் முரசைத் தட்டிப் பார்த்து, தானும் தலையை ஆட்டினான். திட்டில் நெருப்பு இருந்தது ஓர் இடத்தில்தான். அண்ணனும் தம்பியும் முரசைத் தூக்கிக்கொண்டு அம்மாவின் அடுப்படிக்குப் போனார்கள்.

அதற்குள் இன்னொரு யோசனை பிறந்தது. இருவரில் யார் மூத்தவரோ அவருக்கு முதல் பிரசாதம். "எனக்கு அறுபது" என்றார் மேல்கரையார். "எனக்கு அறுபத்தைந்து" என்றார் கீழ்கரையார். "மறந்துவிட்டேன், எழுபது" என்றார் மேல்கரையார். பின்னால் நின்ற அவருடைய இளைய ராணி, "கல்யாணத்தப்போ நாப்பதுன்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டாள். கீழ்கரைப் படை சிரித்த சிரிப்பில் ஆற்றுக் கொக்கெல்லாம் பறந்தது.

"இனிப் பேச்சில்லை. அடி முரசை!" "அடி!"

மருதனும் சடையனும் அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்கள். தோல் நன்றாகக் காய்ந்திருந்தது, வார் இறுகியிருந்தது, கைதான் வெறுங்கையாக இருந்தது. "மகாராஜா, கோலைக் காணோம்" என்றான் மருதன். "என்னோடதயும் காணோம்" என்றான் சடையன்.

கையால் அடி, கல்லால் அடி என்று இரண்டு ராஜாக்களும் குதித்தார்கள். இனிச் சாக்கு எதுவும் மிச்சமில்லை என்று காத்தாயிக்குத் தெரியும். கையைத் துடைத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"ராஜாமார்களே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சண்டையில யாரு முன்னால நிக்கறாங்களோ அவங்களுக்கே இங்கயும் முதல் பிரசாதம்னு வச்சுக்கலாமா?"

மேல்கரையார் மீசையை முறுக்கினார். "என்னைவிட வீரன் யார்? சம்மதம்!" கீழ்கரையார் மார்பைத் தட்டினார். "எனக்கும் சம்மதம்! அம்மன் சாட்சி!"

"நல்லது. சண்டையில யாரு முன்னால நிக்கறது?"

ராஜாக்கள் இருவரும் தங்கள் மந்திரிகளைத் திரும்பிப் பார்த்தார்கள். மேல்கரையார் போருக்கு யானை மேல் வருவார், யானை படைக்குப் பின்னால் நிற்கும். கீழ்கரையார் அதைவிடத் தள்ளி மேட்டில் கூடாரம் போட்டு உட்காருவார், தூசி பட்டால் அவருக்குத் தும்மல் வரும். இது இரண்டு படைக்கும் தெரியும். யாரோ ஒரு சிப்பாய் மட்டும் மெதுவாகத் தும்மிக் காட்டினான்.

"அம்மன் சாட்சின்னு சொல்லிட்டீங்க" என்றாள் காத்தாயி. "முன்னால நிக்கறது எம் பயலுவதான். முரசுக்காரங்க மொதல்ல வாங்க. அப்புறம் காலாள், அப்புறம் குதிரை, அப்புறம் தளபதி. ராஜாமாருங்க சண்டையில எங்க நிப்பீங்களோ அங்கயே நில்லுங்க. முன்ன நின்னு செத்துப்போனவங்க எடத்துல அவங்க வீட்டாளுங்க நிக்கட்டும்."

அவ்வளவுதான் சொன்னாள். இரண்டு கரையிலிருந்தும் ஓடங்கள் வர ஆரம்பித்தன. வந்துகொண்டே இருந்தன. வரிசை கோயிலைச் சுற்றியது, திட்டைச் சுற்றியது, மணலில் நீண்டு தண்ணீர் வரைக்கும் போனது. கடைசியில் கணுக்கால் நீரில் இரண்டு ராஜாக்களும் நின்றார்கள். வெயில் ஏறியது. இருவருக்கும் ஒரே ஒரு குடைதான் கிடைத்தது.

மேல்கரையார் எட்டிப் பார்த்தார். ஒரு கிழவர் பிரசாதம் வாங்கினார். அதை ஆற்றில் விட்டுவிட்டு, திரும்பவும் வரிசைக்குள் வந்து நின்றார். மறுபடி வாங்கினார், மறுபடி ஆற்றில் விட்டார், மறுபடி வந்து நின்றார்.

"இந்தக் கிழவருக்கு என்ன பேராசை! மூன்று தரம் வாங்குகிறாரே" என்றார்.

முன்னால் நின்ற தளபதி திரும்பிப் பார்க்காமல் சொன்னார். "அவருக்கு மூணு பிள்ளைங்க, மகாராஜா."

மேல்கரையார் கையிலிருந்த குடை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழ்கரையார் தலைக்கு நகர்ந்தது.

அவர்கள் பானைக்கு வந்து சேர்ந்தபோது அடிப்பிடித்த பொங்கல்தான் மிச்சம். இலையும் ஒன்றுதான் மிச்சம். காத்தாயி சுரண்டி எடுத்து வைத்தாள். இருவரும் மணலில் உட்கார்ந்தார்கள். மேல்கரையார் தீயாத பக்கத்தைக் கீழ்கரையாரிடம் தள்ளினார். கீழ்கரையார் அதை இந்தப் பக்கம் தள்ளினார். "நீங்கள் சாப்பிடுங்கள்." "இல்லை, நீங்கள்." "நான் சொல்கிறேன், சாப்பிடும்!" "நான் மட்டும் குறைந்தவனா? நீர் சாப்பிடும்!" குரல் உயர்ந்தது. ஐயோ, இதற்கு ஒரு போரா என்று மந்திரிகள் கையைப் பிசைந்தார்கள். நல்ல வேளை, இருவருக்குமே பசி.

சாப்பிடும்போது கீழ்கரையாருக்கு ஞாபகம் வந்தது. "அது சரி, அந்த முரசுக் கோல்கள் எங்கேதான் போயின?"

"வெறகு கொஞ்சம் பத்தல ராஜா" என்றாள் காத்தாயி. "அதுலதான் இந்தப் பொங்கலு கடைசிவரைக்கும் ஆறாம இருந்துச்சு."

ராஜாக்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு கீழ்கரையார் பானைக்குள் எட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் சுரண்டினால் வருமா?" என்று கேட்டார்.

காத்தாயி அவருக்குப் பதில் சொல்லவில்லை. அவள் அடுப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே மருதனும் சடையனும் முரசுகளைக் கவிழ்த்துப் போட்டு, அவற்றின் மீது பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் வாங்கி எடுத்து வைத்திருந்த பொங்கலை வாய் நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பொங்கலுக்கு உப்புப் போதவில்லை என்று வேறு இருவரும் குறை சொன்னார்கள். அதைக் கேட்டு அவள் அழுதாள், சந்தோஷத்தில் அழுதாள். அதற்குப் பிறகு அந்த ஆற்றின் இரண்டு கரையிலும் யாரும் புதுக் கோல் செய்யவே இல்லை.

இவ்வளவு நேரம் எழுந்து போகாமல் கேட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: அமைதி வேண்டும் என்று கும்பிடப் போகிறவர், முதல் ஆளாக நிற்கும் ஆசையை வெளியே கழற்றி வைத்துவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும்.