ஓடிப்போன டிரைவர்

வளைகுடாவில் ஒரு பெரிய முதலாளிக்கு உடையப்பன் டிரைவர். ஒப்பந்தம் முடிந்தும் முதலாளி பாஸ்போர்ட்டைத் தரவில்லை. உடையப்பன் விடுவானா? தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தான். பாஸ்போர்ட்டோடு வரச் சொல்லி முதலாளிக்கு ஆணை போனது.

முதலாளி வந்து அதிகாரி முன் நெஞ்சை நிமிர்த்தினார். “அந்த உடையப்பன் ஓடிப்போய் மூணு மாசம் ஆச்சு. பிடிச்சு உள்ளே போடுங்க!”

“அதையே எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

முதலாளி பையைத் துழாவினார். மூக்குக்கண்ணாடியைக் காணோம்.

வாசலில் நின்றவன் உள்ளே வந்து கண்ணாடியை நீட்டினான். “கார்லயே விட்டுட்டீங்க முதலாளி.”

“நீ யாரப்பா?” என்றார் அதிகாரி.

“உடையப்பனுங்க. ஓடிப்போனவன் இல்லீங்க, இவர் காரை ஓட்டிட்டு வந்தவன்.”

அதிகாரி முதலாளியிடம் கையை நீட்டினார்.

பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்ட உடையப்பன், சாவியை மேஜைமேல் வைத்தான். “இப்பத்தான் முதலாளி போறேன். எழுதிக்குங்க.”