பால்வண்ணருக்காகக் காத்திருந்த சபை

கரிசல்கோட்டையை ஆண்ட வீரகேசரி மகாராஜா நல்ல கறுப்பு. அதில் யாருக்கும் குறையில்லை. கட்டியக்காரன் கொன்றையாண்டி தினமும் கோலை உயர்த்தி, "கார்மேக வண்ணர் வருகிறார், பராக்!" என்று முழங்குவான். ராஜா நுழைந்ததும் கோலைத் தாழ்த்துவான், சபை வணங்கும். கோல் தாழாதவரை ராஜா வரவில்லை என்பது அந்தச் சபையின் வழக்கம். மழை தராத வெள்ளை மேகத்தை அங்கே எந்தப் புலவரும் பாடியதில்லை என்பதையும் குறித்துக்கொள்வது நல்லது.

ஒருநாள் ராஜாவைப் படம் வரைந்துகொண்டிருந்த வெளியூர் ஓவியன் பாதியில் கைகட்டி நின்றான். "மன்னிக்கணும் மகாராஜா. கறுப்பு மை தீர்ந்துபோச்சு."

அவ்வளவுதான். அன்றைக்கே இலை வைத்தியர் மேனிநாதர் அரண்மனைக்குள் வந்துவிட்டார். குப்பைமேனி, முருங்கை, புளிய இலை எல்லாவற்றையும் அரைத்து ராஜாவின் தலைமுதல் கால்வரை அப்பினார். "கழுவக் கூடாது. பால் நிறம் தானாக வரும்!"

மறுநாள் காலை ராஜா கட்டியக்காரனைக் கூப்பிட்டார். "இன்று முதல் நான் பால்வண்ணன். வேறு நிறம் ஏதாவது சொன்னால் உன் நாக்கு உனக்கில்லை."

எதிரே ஒரு வாழைத்தோப்பே எழுந்து நிற்பதுபோல் இருந்தது. கொன்றையாண்டி நாக்கை வாய்க்குள் ஒருமுறை சுழற்றிப் பார்த்தான். பிரிய மனம் வரவில்லை.

"பால்வண்ணர் வருகிறார், பராக்!"

பச்சை ராஜா நுழைந்தார். கோல் தாழவில்லை. சபை அவரைத் தாண்டி வாசலையே பார்த்தது. ராஜா சிம்மாசனத்தில் உட்காரப் போனார்.

கொன்றையாண்டி கோலைக் குறுக்கே நீட்டினான். "ஐயா, ஐயா! அது மகாராஜா ஆசனம். பச்சை ஒட்டிக்கும்."

"டேய், நான்தான்டா மகாராஜா!"

"இருக்கலாம் ஐயா. ஆனா இன்னைக்கு வரப்போறவர் பால்வண்ணர். அது மகாராஜா உத்தரவு. வேற நிறத்துக்குக் கோலைத் தாழ்த்தினா என் நாக்கு போயிடும்."

மந்திரி வாசலை எட்டிப் பார்த்தார். சேனாதிபதி கொட்டாவி விட்டார். ராஜாவுக்கு எங்கெங்கோ அரித்தது. மூக்கிலிருந்து ஒரு பச்சைச் சில்லு உதிர்ந்தது. ஓரமாக நின்ற மேனிநாதர் பக்கம் திரும்பினார்.

"வைத்தியரே, அந்தப் பால்வண்ணர் எப்போது வருவார்?"

மேனிநாதர் விரல்விட்டு எண்ணினார். "இன்னும்... ஒரு மண்டலம் ஆகலாம்."

"அதுவரை இந்த நாட்டை யார் ஆள்வது?"

கொன்றையாண்டி பணிவாகக் குனிந்தான். "இங்கே கார்மேக வண்ணர்னு ஒருத்தர் இருந்தார் ஐயா. இப்போ சும்மாதான் இருக்கார். அவரை வேணும்னா கூப்பிட்டுக்கலாம்."

ராஜா சிரித்த சிரிப்பில் மிச்சப் பச்சையும் பொலபொலவென்று உதிர்ந்தது. குளித்துவிட்டு வந்தார். கோல் தாழ்ந்தது. ராஜாவின் கழுத்து முத்துமாலை கட்டியக்காரன் கழுத்துக்குப் போயிற்று.

வைத்தியரின் அம்மிக்கும் வேலை போகவில்லை. ஓவியன் படத்தை முடிக்கும்வரை அவர் கறுப்பு மை அரைத்தார்.