இட்லி முதுகில் கோணல் பூ

ஒரு ஊர்ல ஒரு இட்லி இருந்துச்சாம். சிரிக்காதடி என் குட்டி மருமகளே, சிரிச்சா வந்த தூக்கம் ஓடிரும். போர்வையை இழுத்துப் போத்திக்கோ. சாப்பிடும்போது இட்லியைத் திருப்பிப் பார்த்துட்டு, "அத்தை, இதுல ஏன் பூ இருக்கு? ஏன் ஒரு பக்கம் கோணலா இருக்கு?"ன்னு கேட்டியே, அந்தக் கதைதான். "ம்" கொட்டணும். கொட்டலேன்னா நிறுத்திருவேன்.

ம்.

அது!

அந்த ஊரு கடற்கரை ஓரம். அங்க கம்பெனி குவார்ட்டர்ஸ்ல ஜப்பான்ல இருந்து வந்த நோரிகோன்னு ஒரு அம்மா இருந்தா. அவ வீட்டுக்காரர் கப்பலுக்கு மெஷின் மாட்டுற இன்ஜினியர், விடிஞ்சா போனவர் பொழுது சாஞ்சுதான் வருவார். அவங்களுக்குச் சமைச்சுப் போட்டவ பேரு சௌந்தரம். இவளுக்கு அந்தப் பாஷை தெரியாது. நோரிகோவுக்கு நம்ம பாஷையில அம்மா, உப்பு, தண்ணி, போதும், இவ்வளவுதான் தெரியும். ஆனா பேச்சு மட்டும் ஓயாது! கையைக் காட்டி, மூஞ்சியைச் சுளிச்சு, கெக்கெக்கேன்னு சிரிச்சு, அப்படியே பொழுது போயிரும்.

நோரிகோ வீட்டுல அடுப்படித் துணியப் பார்க்கணுமே! வெள்ளைத் துணியை ரெண்டா மடிச்சு, வெள்ளை நூலால பூப்பூவா தைச்சிருக்கும். கையாலயே தைச்சது. தட்டு துடைக்க, டம்ளர் துடைக்க எல்லாம் அதுதான். அலசிக் காயப்போட்டா மறுநாள் புதுசு. "இவ்வளவு பூப் போட்டுட்டு எச்சித் தட்டைத் துடைக்கிறியே தாயி"ன்னு சௌந்தரம் தலையில அடிச்சுக்குவா.

அப்புறம் ஒரு நாளு, நோரிகோவுக்கு இட்லி அவிச்சுக் குடுக்கலாம்னு மாவு பொங்க வச்சா. தட்டு இருக்கு, துணி இல்ல. தடபுடன்னு அங்கயும் இங்கயும் தேடினா. டீத்தூள் டப்பாக்குப் பின்னாடி ஒரு தகரப் பெட்டி. உள்ள மெத்துனு ஒரு வெள்ளைத் துணி. பாதிதான் தைச்சிருக்கு, நூலு ஒண்ணு தொங்குது. இட்லித் துணியில நூல் தொங்கினா மாவுல ஒட்டுமே. நம்ம தையல்னா அடியில முடிச்சு இருக்கும், வெடுக்குனு இழுத்தா அந்த இடத்தோட அறுந்துரும். அப்படி நினைச்சு இழுத்தா பாரு...

ம்?

சர்ர்ர்ர்ர்! அந்தத் தையல்ல முடிச்சே கிடையாதுடி. அவங்க வழக்கம் அப்படி. கடைசி வரிசை முழுக்க உருவிக்கிட்டு கையில வந்துருச்சு.

அப்போ பார்த்து நோரிகோ உள்ள வந்தா. கத்தலை, திட்டலை. அப்படியே தரையில உக்காந்துட்டா. நூல் உருவின இடத்தைத் தடவிப் பார்த்து, "அம்மா"ன்னா. தைக்கிற மாதிரி கையை அசைச்சுக் காட்டினா. அப்புறம் ரெண்டு கண்ணையும் மூடிக் காட்டினா.

சௌந்தரத்துக்குப் புரிஞ்சு போச்சு. நோரிகோவப் பெத்தவ தைச்சுக்கிட்டு இருக்கும்போதே போய்ச் சேர்ந்துட்டா. அந்தக் கை கடைசியா போட்ட தையல் இது. அதைத்தான் இவ உருவிட்டா. "பாவி, என்ன காரியம் பண்ணிட்டேன்"னு அழுதா. அப்புறம் துணியைக் காட்டி, தன் நெஞ்சுல கை வச்சு, நான் சரி பண்றேன்னு கெஞ்சி வாங்கிட்டு வீட்டுக்கு வந்தா. உருவின நூலையும் தூரப்போட மனசு வராம முந்தானையில முடிஞ்சுக்கிட்டா.

மொதல்ல ஒரு பழைய வேட்டித் துணியில தைச்சுப் பார்த்தா, தையல் மெஷின் நூலால. அது மினுமினுன்னு தனியாத் தெரிஞ்சுது. த்சொ!

அப்புறம் மைதா மூட்டை வாயைத் தைச்சிருக்குமே, அந்த நூலைப் பிரிச்சுத் தைச்சா. தடிமன் சரி. ஆனா தையல் ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை. அது அந்தத் தாயோட கை இல்லையே! த்சொ த்சொ!

தூங்கிட்டியா?

...ம்.

மூணாவது, மனசு விட்டுப்போய் ஜன்னல் பக்கம் உக்காந்து முந்தானை முடிச்சை அவுத்தா. பின்னல் அவுத்த தலைமுடி மாதிரி அந்த நூலு நெளி நெளியா நிக்குது. ஒரு நெளிக்கு ஒரு தையல்! உடனே துணியைத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சா. வரிசையாப் பொடிப்பொடி ஓட்டை. நல்லவேளை நனைக்கலை, நனைச்சிருந்தா மூடியிருக்கும். அதே நூலு, அதே ஓட்டை. ஊசி புளுக்குனு போகும், நூலு சர்ருனு வரும். புளுக், சர்ர். புளுக், சர்ர். சாப்பிடக்கூட எந்திரிக்கலை. முடிச்சும் போடலை. முன்ன மாதிரியே கடைசி நூலைத் தொங்க விட்டா.

மறுநாள் நோரிகோ அந்த வரிசை மேல விரலை ஓட்டிக்கிட்டே போனா. நுனி வரைக்கும் போய், "அம்மா"ன்னு சொல்லி சௌந்தரத்தக் கட்டிக்கிட்டு ஓன்னு அழுதா. அதுவரைக்கும் அதுல ஊசி வைக்கவே பயந்து பெட்டியில வச்சிருந்தவ, அன்னைக்கு நூல் கோத்து அம்மா விட்ட இடத்துல இருந்து தானே தைக்க ஆரம்பிச்சா.

தைச்சு முடிச்சு என்ன பண்ணினா தெரியுமா? தண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு, இட்லித் தட்டுல விரிச்சு, "மாவு!"ன்னா. சௌந்தரம் பதறிட்டா. "ஊத்து, ஊத்து"ன்னு அவ சிரிக்கிறா. புஸ்ஸ்ஸுனு ஆவி வந்துது. தட்டைக் கவுத்து, தண்ணி தெளிச்சுத் துணியை உரிச்சா, இட்லி முதுகெல்லாம் பூ!

அப்புறம் அவங்க ஊருக்குக் கிளம்புற நாளும் வந்துருச்சு. அம்மா துணியை நோரிகோ மடியிலயே வச்சுக்கிட்டா. சௌந்தரம் கையில புதுசா ஒரு துணி குடுத்தா. அவளே தைச்சது, பாதிதான் தைச்சிருக்கு, நூல் தொங்குது. "நான் பாதி. நீ பாதி"ன்னா. அதுக்குள்ள அவ்வளவு தமிழ் கத்துக்கிட்டா.

கார் போச்சு. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பார்த்துக்கவே இல்ல.

அத்தை... அந்தத் துணிதானா நம்ம வீட்டுது?

அதேதான்டி. நேரா இருக்கிற பூ நோரிகோ போட்டது. கோணப் பூ எங்க அம்மா போட்டது, உங்க அப்பாவப் பெத்த ஆச்சி சௌந்தரம். கண்ணு சரியாத் தெரியாத வயசுல தைச்சு முடிச்சா. நீ அவளப் பார்த்ததில்ல. எனக்கு அவ ஞாபகம் வராத நாளே இல்ல. தினமும் அவ கைத்தையல் மேலதான் உனக்கு மாவு ஊத்துறேன்.

நாளைக்குக் கோணப் பூ இட்லி யாருக்கு வேணும்?

...

தூங்கிட்டா. சரி, கதை வெந்தாச்சு, ஆவியும் அடங்கியாச்சு. தூங்கு ராசாத்தி. கோணப் பூ உனக்குத்தான்.