தானே திருந்தும் கடிகாரம்

குஞ்சிதபாதத்தின் கண்ணில் ஒரு தப்பு பட்டுவிட்டால் போதும், கை பரபரக்கும். முப்பத்துநாலு வருஷம் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். தினமும் சாயங்காலம் நாலு மணிக்குக் கண்ட்ரோல் ஆபீஸிலிருந்து போனில் நேரம் சொல்வார்கள். அதைக் கேட்ட மாத்திரத்தில் ஸ்டேஷன் கடிகாரத்தைத் திருத்திவிட்டு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். ஒரு நாள் தவறியதில்லை மனிதர். தன் கல்யாணத்தன்று மண்டபத்துக் கடிகாரத்தையும் நாற்காலி போட்டு ஏறித் திருத்தினார் என்பார்கள். சொல்வது அவருடைய மச்சினி, அதனால் பாதியைத் தள்ளிவிடலாம்.

ரிடையரான பிறகு திருச்சி பாலக்கரையில் லூர்துமேரியிடம் வேலை கற்கப் போனார். பழைய கார்களின் டேஷ்போர்டில் இருக்குமே கடிகாரம், அதைப் பழுது பார்ப்பதில் அவளை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. அவரைவிட இருபது வயது சின்னவள். இருந்தால் என்ன, குரு குருதான். அவர் அவளை அம்மா என்பார், அவள் அவரை சார் என்பாள். யார் யாருக்குச் சீடர் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சட்டென்று விளங்காது.

இரண்டு வருஷம் நல்லபடியாகப் போயிற்று. இந்தத் தை மாசம் அவர் மனைவி அபயாம்பாள் குளித்துவிட்டு வந்தவள் அப்படியே சரிந்தாள். உயிருக்கு ஒன்றுமில்லை. வலது கையும் பேச்சும்தான் போயின. கை மெல்ல வந்துவிட்டது. பேச்சும் வந்தது, ஆனால் வார்த்தைகள் இடம் மாறி வந்தன. பேசப் பேசத்தான் சரியாகும், பேச்சை நிறுத்திவிட்டால் பிறகு வராமலே போனாலும் போகலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

குஞ்சிதபாதம் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். தண்ணி என்பதற்கு அவள் தந்தி என்றால், "தந்தி இல்லை அபயம், தண்ணி. எங்கே, சொல்லு" என்பார். சரியாகச் சொன்ன பிறகுதான் டம்ளரைக் கையில் கொடுப்பார். அன்பில்தான் செய்தார், அதில் சந்தேகமே வேண்டாம். ஒரு வாக்கியத்துக்கு நாலு தரம் நிறுத்தித் திருத்துவார். அபயாம்பாள் வாக்கியத்தை விட்டுவிட்டு ஒற்றை வார்த்தைக்கு வந்தாள். பிறகு விரலால் காட்டினாள். பிறகு அதையும் விட்டாள். அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்து பன்னிரண்டு நாளாகியிருந்தது. நாற்பது வருஷம் ஓயாமல் பேசிய வாய். குஞ்சிதபாதம் உள்ளுக்குள் நடுங்கிப் போயிருந்தார்.

பகலில் மச்சினி வந்து அக்காவைப் பார்த்துக்கொள்வாள். அந்த நேரத்தில் அவர் பாலக்கரைக்கு வந்துவிடுவார். வேலையில் உட்கார்ந்தால் மனசு கொஞ்சம் அடங்கும் என்று ஒரு நப்பாசை.

அந்த வாரம் ஐம்பத்தாறாம் வருஷத்து அமெரிக்கக் கார் ஒன்றின் கடிகாரம் வந்திருந்தது. உள்ளே தீய்ந்துபோன காயில் கம்பிச்சுருளை மாற்றி, பல்சக்கரங்களைக் கழுவி எண்ணெய் விட்டு, ஒரு பேட்டரியோடு இணைத்து மேஜைமேல் ஓடவிட்டாள் லூர்துமேரி. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் அது டக்கென்று தனக்குத் தானே சாவி கொடுத்துக்கொள்ளும். அதில் இன்னொரு விசேஷமும் உண்டு. மெதுவாக ஓடுகிறதென்று குமிழைத் திருகி முள்ளை முன்னால் தள்ளினால், உள்ளே அதன் வேகமும் கொஞ்சம் கூடும். பின்னால் தள்ளினால் குறையும். ஓட்டுகிறவர் நேரத்தைத் திருத்தத் திருத்த, கடிகாரமும் திருந்திக்கொள்ளும் ஏற்பாடு. இதையெல்லாம் விளக்கிவிட்டு, நேரம் பார்க்கும் வேலையை அவரிடம் விட்டாள்.

குஞ்சிதபாதத்துக்கு இதைவிடப் பிடித்த வேலை உண்டா? திருத்தினால் திருந்தும் என்றால், அடிக்கடி திருத்தினால் சீக்கிரம் திருந்தும். கணக்கு சரிதானே. மணிக்கு ஒரு தரம் குமிழைத் திருகினார். அரை நிமிஷம் பிந்தினால் முன்னால், கால் நிமிஷம் முந்தினால் பின்னால். சாயங்காலம் நாலு மணிக்குத் தவறாமல் ஒரு தரம்.

முதல் நாள் அரை நிமிஷம் தப்பிய கடிகாரம் மூன்றாம் நாள் மணிக்கு நாலு நிமிஷம் ஓடிப்போயிற்று. அடக்கினார். மறுநாள் படுத்துக்கொண்டது. முடுக்கினார். மறுபடியும் தலைதெறிக்க ஓடியது. அடக்கினார். மறுபடியும் பிந்தியது. கடைசியில் அதைத் தூக்கிக்கொண்டு போய் லூர்துமேரியின் முன்னால் வைத்தார். காயிலில்தான் ஏதோ கோளாறு, பிரித்துப் பார்த்துவிடலாம் என்றார்.

அவள் காதருகில் வைத்துக் கேட்டாள்.

"எத்தனை தடவை திருத்தினீங்க சார்?"

மணிக்கொரு தரம் என்றார். சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது குரலில்.

லூர்துமேரி ஒரு துண்டு பிளாஸ்திரியை வெட்டிக் குமிழின்மேல் ஒட்டினாள். கடிகாரத்தை அவருடைய மேஜையிலேயே, அவர் கண்ணெதிரிலேயே திருப்பி வைத்தாள். ஐந்து நாளைக்கு இதைப் பிரிக்கக்கூடாது என்றாள்.

ஐந்து நாள். முள் பிந்திக்கொண்டே போவது அவர் கண்ணுக்குத் தெரிகிறது. ஆறு நிமிஷம், பதினொன்று, பதினேழு. சோறு இறங்கவில்லை அவருக்கு. மூன்றாம் நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்.

"தப்புன்னு தெரிஞ்சும் எப்படிம்மா கையைக் கட்டிண்டு உக்காந்திருக்கறது?"

"நீங்க தொட்டப்பல்லாம் அது தன்னை மாத்திக்கிச்சு" என்றாள் அவள். "தன்னோட நடை எதுன்னு அதுக்கே மறந்துபோச்சு. கொஞ்ச நாள் அது போக்கில போகட்டும் சார்."

ஐந்தாம் நாள் பிளாஸ்திரியைப் பிரித்தாள். ஒரே ஒரு தரம் திருத்தச் சொன்னாள். திருத்தினார். அதற்கப்புறம் அடுத்த ஐந்து நாளில் கடிகாரம் பிந்தியது மொத்தமே ஒன்றரை நிமிஷம். காரின் சொந்தக்காரர் வந்து சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்.

குஞ்சிதபாதம் காலி மேஜையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னார். அபயம் பேசி இருபத்தேழு நாளாச்சு என்றார். டாக்டர் சொன்னபடிதான் எல்லாம் செய்தேன், ஒரு தப்பைக்கூட விட்டதில்லை என்றார். பயமாக இருக்கிறது என்றார்.

"எங்கேம்மா தப்பு பண்ணினேன்?"

லூர்துமேரி கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

"போன மாசம் அவங்களைப் பார்க்க ஆரஞ்சு வாங்கிட்டு வந்தேனே சார். என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஏதோ சொல்ல ஆரம்பிச்சாங்க. மூணு தடவை ஆரம்பிச்சாங்க. மூணு தடவையும் நீங்க பக்கத்தில இருந்தீங்க. அவங்க என்ன சொல்ல வந்தாங்கன்னு எனக்கு இன்னும் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

குஞ்சிதபாதம் எழுந்து வீட்டுக்குப் போனார்.

அபயாம்பாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். அன்றைக்கு மேரி வந்தபோது என்ன சொல்ல வந்தாய் என்று கேட்டார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். அவள் அவரை நம்பாமல் பார்த்தாள். அவர் அசையவில்லை. மச்சினி சமையலறையில் பாத்திரம் தேய்த்து முடித்து, போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்போதும் அவர் அப்படியே இருந்தார்.

வெகுநேரம் கழித்து அபயாம்பாளின் உதடு அசைந்தது.

"இவர்..." என்றாள். நிறுத்தினாள். வழக்கமாகத் திருத்தல் வருகிற இடம் அது. வரவில்லை என்று தெரிந்ததும் மேலே போனாள். "இவர் ராத்திரி பெட்டி சாப்பிடறதே இல்லை. மழையா இளைச்சுட்டார். நான் சொன்னா... வாசல் வரலை. நீ சொல்லேன், மேரி. நீ சொன்னாக் கேப்பார்."

குஞ்சிதபாதம் ஒரு சொல்லையும் திருத்தவில்லை.