ஒரு சைஸ் பெரிசு

ஜெசிந்தாவிடம் வேக்சர்ஃப் என்கிற அலைச்சறுக்கு கற்றுக்கொண்டவர்களில் வயதில் மூத்தவர் தில்லைநாதன். அவருக்கு ஐம்பது, ஜெசிந்தாவுக்கு முப்பத்தெட்டு. ஆனாலும் அவர் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

கடலை ஒட்டிய உப்பங்கழியில் படகு ஓடும். அதன் பின்னால் எழுகிற அலையில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு பலகைமேல் எழுந்து நிற்க வேண்டும். நிலை வந்ததும் கயிற்றை விட்டுவிட வேண்டும். பிறகு அலையே கொண்டுபோகும். சொல்வதற்கு இவ்வளவுதான். கயிற்றை விடுவதற்குள் உயிர் போய்விடும்.

தில்லைநாதனின் மகன் முகுந்தன் பன்னிரண்டு வயதில் இங்கே ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் வந்தான். பத்தாவது ஞாயிறு காய்ச்சலில் படுத்தான். வியாழக்கிழமை அவன் இல்லை. மூன்று மாதம் கழித்து அப்பா மட்டும் வந்து, "எனக்குக் கத்துக்கொடுங்க" என்று நின்றார். ஜெசிந்தா காரணம் கேட்கவில்லை.

அதற்கும் ஒரு வருடம் ஆகிவிட்டது. கார்த்திகை மாதம், மழை வருமோ வராதோ என்று வானம் கறுத்துக் கிடந்த ஒரு காலையில் தில்லைநாதன் தன் மகள் யாழினியைக் கூட்டிவந்தார். அவளுக்குப் பத்து வயது.

"மாஸ்டர், இவளுக்கு முதல் பலகை எதை எடுக்கிறது?"

"எதைக் கொண்டுவந்திருக்கீங்க?"

"முகுந்தனோடது."

"இவளுக்கு அது ரொம்பப் பெரிசு சார்."

"வளர்ற பிள்ளைதானே. ரெண்டு வருஷத்துல சரியாயிடும்."

பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் நம் வீடுகளில் நடப்பதுதான். சட்டை ஒரு சைஸ் பெரிசு, ஷூ நுனியில் பஞ்சு, பேண்ட்டின் அடியில் இரண்டு அங்குலம் மடித்துத் தையல். தில்லைநாதன் இதில் கெட்டிக்காரர். மகனுக்கு அவர் வாங்கிய எதுவும் அவனுக்கு அளவாக இருந்ததே இல்லை.

யாழினி புது லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாள். ஜெசிந்தா அதன் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்தார். ஜாக்கெட் காதைத் தாண்டி ஏறியது.

"தண்ணியில ஜாக்கெட் மிதக்கும். பொண்ணு அதுக்குள்ளேர்ந்து நழுவிடுவா."

தில்லைநாதன் அதைக் கழற்றினார். படகிலிருந்த சின்ன ஜாக்கெட் ஒன்றை ஜெசிந்தா மாட்டிவிட்டார். ஆனால் பலகை விஷயத்தில் தில்லைநாதன் அசையவில்லை.

"அண்ணன் பலகை மாஸ்டர். அவ நிக்கட்டும்."

"ஒரு தடவை நிக்கட்டும். நீங்க உக்காந்து பாருங்க" என்றார் ஜெசிந்தா.

படகை மெதுவாகக் கிளப்பினார். யாழினி எழுந்துவிட்டாள். அலைப் பக்கம் போக வலப்புறம் சாய்ந்தாள். பலகை நேராகவே போனது. இன்னும் சாய்ந்தாள். அது கேட்கவில்லை. நிலை தவறி விழுந்தாள். பலகை புரண்டு வந்து உதட்டில் அடித்தது.

இரண்டாவது முறை வேண்டாம் என்றார் ஜெசிந்தா. படகில் ஏறிய பெண் வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். விரல் இடுக்கில் ரத்தம் கசிந்தது.

"சாரிப்பா. நான் இன்னும் கொஞ்சம் வளரணும்."

தில்லைநாதன் துண்டால் அவள் உதட்டை ஒற்றினார். பிறகு தணிந்த குரலில் ஜெசிந்தாவிடம் சொன்னார்.

"இவளும் பயப்படுறா மாஸ்டர். அண்ணன் மாதிரியே."

ஜெசிந்தா என்ஜினை நிறுத்தினார்.

"முகுந்தன் பயந்தான்னு யார் சொன்னது?"

"ஒன்பது வாரத்துல ஒரு தடவைகூட அவன் கயித்தை விடலையே."

"அவன் சாஞ்சான் சார். பலகைதான் சாயல. அவன் எடைக்கு அது அசையாது. சொன்ன பேச்சு கேக்காத பலகைமேல நின்னா நானும்தான் கயித்தை விட மாட்டேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். அடுத்த வருஷம் சரியாயிடும்னீங்க. நானும் சரின்னு விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது."

தில்லைநாதன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் மகனைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துத்தான் அவர் அழுதிருக்கிறார். பாவம், தைரியம் வருவதற்குள் போய்விட்டானே என்று. இப்போது அந்த அழுகைகூட அவருக்கு மிஞ்சவில்லை.

தூறல் போட்டது.

ஜெசிந்தா இருக்கைக்கு அடியில் கையை விட்டு ஒரு பலகையை இழுத்தார். பழையது, சாயம் போனது, ஓரத்தில் ஸ்பாஞ்ச் பிய்ந்திருந்தது. யாழினியின் நெஞ்சு உயரம்தான் இருக்கும். அவள் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு அதைத் தொட்டாள்.

"இதுல நிக்கவா மாஸ்டர்?"

"வலிக்குதா?"

"வலிக்குது. நிக்கிறேன்."

தில்லைநாதன் அந்தப் பலகையை வாங்கினார். கடையில் ஷூவைப் பார்ப்பதுபோல் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். நுனியைக் கட்டைவிரலால் அழுத்தினார். பழக்கம் விடவில்லை.

"சின்னதா இருக்கே மாஸ்டர். எத்தனை வருஷத்துக்கு வரும்?"

ஜெசிந்தா அவர் கையிலிருந்து பலகையை வாங்கித் தண்ணீரில் வைத்தார். கயிற்றின் பிடியை யாழினியின் கையில் கொடுத்தார்.

"இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் வரும் சார்."