ஊசிப்பாறைக்குப் போன தண்ணீர் வண்டி

பெரியநாயகி அம்மாவின் மடத்தில் இருந்தது ஒரே ஒரு பிக்கப் வண்டி. கோடை முழுக்க அது மலை ஊர்களுக்குத் தண்ணீர் சுமக்கும்.

வண்டியை ஓட்டியவர் தீர்த்தகிரி. அம்மாவின் சீடர்தான், ஆனால் வயதில் குருவைவிட மூத்தவர். அம்மா அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

டீசல் ஒரு பக்தர் தருவது. மாதத்துக்கு ஒரு பீப்பாய், அதற்கு மேல் கேட்க முடியாது. அந்த டீசலுக்கு வண்டி கீழ் ஊர்களோடு திரும்பிவிடும். மலை உச்சியில் இருந்த ஊசிப்பாறைக்கு மட்டும் தண்ணீர் போனதே இல்லை.

ஒருநாள் ஊசிப்பாறைக்காரி சடச்சி மடத்து வாசலுக்கே வந்துவிட்டாள்.

"எங்க ஊருக்கு மட்டும் உங்க வண்டிக்கு வழி தெரியாதா சாமி?"

தீர்த்தகிரிக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. எப்பாடுபட்டாவது இந்தக் கோடைக்குள் கொண்டுவருகிறேன் என்று அவளிடம் சொன்னார். சொல்லிவிட்டு அன்றைக்கே வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார்.

சில வாரங்கள் கழித்து அம்மாவின் முன்னால் வந்து நின்றார். கையெல்லாம் கிரீஸ். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, மைலேஜ் கூடிடுச்சு. நாளைக்கு ஊசிப்பாறைக்கு வண்டி போவுது."

"நிஜமாவா அண்ணே?"

"நிஜம். அங்க யாருகிட்டயும் சொல்லல. திடீர்னு போய் நிக்கணும்."

"எப்படிக் கூடுச்சு?"

"தினமும் டயர்ல காத்து பாக்குறேன். ஏர் ஃபில்டரைக் கழட்டினா உள்ள கம்பளி மாதிரி புழுதி. தட்டிப் பாத்தேன், சரிப்படல, மாத்திட்டேன். மேல இருந்த இரும்புக் கேரியரை இறக்கிட்டேன். சீட்டுக்குப் பின்னால எந்தக் காலத்துச் சங்கிலியோ கிடந்துச்சு, அதையும் தூக்கிப் போட்டேன். ஆக்சிலேட்டரை இப்ப மிதிக்கிறதே இல்லம்மா, தடவுறேன்."

அம்மா சிரித்தார். "இதுலயே இவ்வளவு மிச்சமா?"

"இல்லம்மா. பெரிய மிச்சம் வேற ஒண்ணுல."

"எதுல?"

"வழியில நிக்கிறதில்ல."

அம்மாவின் சிரிப்பு நின்றது.

பஸ் இல்லாத பாதை அது. கை காட்டினால் சரக்கு வண்டி நிற்க வேண்டும் என்பது அந்த மலையில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். யாரும் எழுதி வைத்ததில்லை. யாரும் மீறியதும் இல்லை.

"ஏத்தத்துல பாரத்தோட நின்னு மறுபடி எடுத்தா ரொம்பக் குடிக்குதும்மா. ஒருத்தருக்கு நின்னா ஊசிப்பாறை ஒரு வளைவு தள்ளிப் போவுது."

"கை காட்டுறவங்களை எப்படித் தாண்டிப் போறீங்க?"

"முதல்ல கஷ்டமா இருந்துச்சு. அப்புறம் ஒரு வழி கிடைச்சுது. பாக்குறதில்ல. பாத்தாத்தானே கால் பிரேக்குக்குப் போவும்? ரோட்டை மட்டும் பாக்குறேன்."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் மிச்சம் பிடிக்க வழி இருக்கா, அம்மா? நீங்கதான் சொல்லணும்."

"நாளைக்குச் சொல்றேன் அண்ணே."

மறுநாள் காலையில் தீர்த்தகிரி ஆசி வாங்கப் போனபோது அம்மா அறையில் இல்லை. வெள்ளனவே கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அவருக்குச் சற்று ஏமாற்றம்தான். தொட்டியை நிரப்பிக்கொண்டு புறப்பட்டார்.

வண்டி அன்றைக்குச் சொன்னதைக் கேட்டது. கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. ஊற்று வளைவு தாண்டிப் பாதை குறுகி ஏறும் இடத்தில், இடது ஓரமாக வண்ண வண்ணமாக ஏதோ வரிசை. கைகள் உயர்ந்தன. தீர்த்தகிரி ஒரு ஹாரன் கொடுத்தார், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை. பின்னால் யாரோ கத்தியது எஞ்சின் சத்தத்தில் தேய்ந்து போனது.

ஊசிப்பாறை வந்தது. அவர் ஹாரனை விடாமல் அடித்தார். கூட்டம் ஓடி வரும், பிள்ளைகள் குதிக்கும், சடச்சி வாயைப் பிளப்பாள் என்றெல்லாம் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தார்.

ஒருவரும் வரவில்லை. கதவுகள் சாத்தியிருந்தன. ஒரு நாய் மட்டும் வந்து டயரை மோந்தது.

கால் முடங்கிய ஒருவர் கயிற்றுக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"ஊர்ல யாருமே இல்லையா?" என்றார் தீர்த்தகிரி.

"ஆம்பளைங்க எஸ்டேட் வேலைக்குப் போயிட்டாங்க. பொம்பளைங்க புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு ஊத்துக்குத் தண்ணிக்குப் போயிருக்காங்க. இந்நேரம் குடத்தோட ஏறி வந்துக்கிட்டு இருப்பாங்க." அவர் வண்டியைப் பார்த்தார். வண்டியில் இருந்த தொட்டியைப் பார்த்தார். "நீ பாத்திருப்பியே. இருக்கிறது ஒரே வழிதானே?"

தீர்த்தகிரி ஓடிப் போய் வண்டியில் ஏறினார்.

தண்ணீரை இறக்காமலே வண்டியைத் திருப்பினார். டீசல் முள்ளை அவர் பார்க்கவில்லை.

பாதி இறக்கத்தில் அவர்கள் எதிரே வந்தார்கள். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். பின்னால் பிள்ளைகள், ஆளுக்கொரு தூக்குவாளியோடு. வண்டி கிறீச்சிட்டு நின்றது.

"என்ன சாமி, இப்பத்தான் பிரேக் மாட்டினீங்களா?" என்றாள் சடச்சி.

பெண்கள் சிரித்தார்கள். தீர்த்தகிரி இறங்கினார். வரிசையின் கடைசியில் ஒருத்தி முக்காடு போட்டு, நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்தாள். புடவை முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது. முழங்கால் பக்கம் ரத்தம் ஊறியிருந்தது. இடுப்பில் இருந்த குடம் நசுங்கி, காலியாக இருந்தது.

"யாருக்கு அடி? என்னாச்சு?"

"உங்க வண்டிக்கு ஒதுங்கினோம்," என்றாள் சடச்சி. இப்போது அவள் சிரிக்கவில்லை. "அவங்களுக்கு இந்தப் பாதை பழக்கமில்ல. பள்ளத்துல சறுக்கிட்டாங்க."

முக்காடு போட்டவர் நிமிர்ந்தார்.

பெரியநாயகி அம்மா.

தீர்த்தகிரி வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"இவங்களுக்குத்தானே அம்மா... இவங்களுக்காகத்தான் நிக்காம ஓட்டினேன். ஏத்தத்துல நின்னிருந்தா இந்த ஊருக்குத் தண்ணியே வந்திருக்காதே."

"ஏத்தத்துல யாரு நிக்கச் சொன்னா?" என்றாள் சடச்சி. "மேல புங்கமரத்துகிட்ட சமமாத்தானே கிடக்கு? அங்க நிப்பேன்னு ஒரு வார்த்தை சொன்னா, அது வரைக்கும் நடந்து வர எங்களுக்குக் காலில்லையா?"

மிச்சம் பிடிக்க வழி உண்டா என்று தீர்த்தகிரி டயர்க் கடைக்காரரைக் கேட்டிருந்தார். மெக்கானிக்கைக் கேட்டிருந்தார். மலைப்பாதையில் ஓட்டும் லாரிக்காரர்களை எல்லாம் மறித்து மறித்துக் கேட்டிருந்தார்.

பெண்கள் ஒவ்வொருவராக வண்டியில் குடங்களை ஏற்றினார்கள். பிள்ளைகள் சக்கரத்தில் கால் வைத்து ஏறினார்கள். அம்மா மட்டும் பாதை ஓரக் கல்லில் உட்கார்ந்தார். தீர்த்தகிரி அவர் காலடியில் மண்டியிட்டார். அந்த முழங்காலைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

"சத்தியமா அது நீங்கன்னு எனக்குத் தெரியலம்மா. தெரிஞ்சிருந்தா நின்னிருப்பேன்."

அம்மா முந்தானை நுனியால் ரத்தத்தை ஒற்றி எடுத்தார்.

"தெரியும் அண்ணே. அதனாலதான் சடச்சியோட சேலையை வாங்கிக் கட்டிக்கிட்டேன்."